ஷில்லாங் டூர் ப்ளான் பண்றீங்களா? கொட்டும் அருவி, கண்ணாடி ஆறு... இரண்டும் ஒரே மாதத்தில் கிடைக்காது!

மேகாலயா சுற்றுலா என்றதும் செல்போனில் வந்து விழும் படங்கள் பெரும்பாலும் இரண்டுதான். முதல் படத்தில், பச்சைப் பாறை விளிம்பிலிருந்து வெள்ளை வெளேரென்று அருவி கொட்டும். இரண்டாவது படத்தில், ஆற்றின் நடுவே ஒரு படகு நிற்கும். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருப்பதால், படகு காற்றில் மிதப்பது போலத் தெரியும்.

இரண்டு இடங்களும் உண்மை. இரண்டுமே ஷில்லாங் நகரிலிருந்து காரில் போய் வரக்கூடிய தூரத்தில் உள்ளவை. ஆனால், முதல் படம் மழைக்காலத்தில் எடுத்தது, இரண்டாவது குளிர்காலத்தில் எடுத்தது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் டிக்கெட் போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஜூலையில் டாவ்கி போய் நின்றால், ஆறு செம்மண் கலரில் பாய்ந்துகொண்டிருக்கும், படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். ஜனவரியில் 'ஏழு சகோதரிகள்' அருவியைத் தேடிப் போனால், வெறும் பாறைதான் இருக்கும். வருஷம் முழுக்கச் சேர்த்த பணம், கெஞ்சி வாங்கிய ஒரு வார லீவு... இரண்டும் வீணாகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? எந்த மாதம் போகலாம், எத்தனை நாள் வேண்டும், மழையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? விரிவாகப் பார்க்கலாம்.

ஷில்லாங் எப்படிப்பட்ட ஊர்?

மேகாலயா மாநிலத்தின் தலைநகரம் ஷில்லாங். 1972 ஜனவரி 21-ம் தேதி மேகாலயா தனி மாநிலமானது. அதற்கு முன்பு, ஒன்றுபட்ட அசாமின் தலைநகராகவும் இந்த ஊர்தான் இருந்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2011 மக்கள்தொகை கணக்கெடுப்பின்படி, சுற்றியுள்ள பகுதிகளையும் சேர்த்து சுமார் மூன்றரை லட்சம் பேர் வசிக்கும் நடுத்தர நகரம்.

'மேகாலயா' என்றால் மேகங்களின் இருப்பிடம் என்று பொருள். ஆங்கிலேயர்கள் இந்த ஊருக்கு 'கிழக்கின் ஸ்காட்லாந்து' என்று பெயர் வைத்தார்கள். இங்கே கோடைக்காலத்திலும் பகல் வெப்பநிலை 24-25 டிகிரியைத் தாண்டுவது அரிது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் 4-5 டிகிரி வரை இறங்கும்.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த சிரபுஞ்சி இங்கிருந்து சுமார் 54 கி.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. உள்ளூர் மக்கள் அந்த ஊரை 'சோரா' என்றுதான் சொல்வார்கள். பெயர்ப் பலகைகளிலும் சோரா என்றே இருக்கும். மேப்பில் தேடும்போது இது நினைவில் இருக்கட்டும்.

54 கி.மீ. தூரத்தில் இவ்வளவு வித்தியாசமா?

ஷில்லாங்கில் ஒரு வருடத்தில் சுமார் 2,200 மி.மீ. மழை பெய்கிறது. சென்னையின் ஆண்டு சராசரி சுமார் 1,400 மி.மீ. அதாவது சென்னையைவிட ஒன்றரை மடங்கு. ஆனால் சோராவின் சராசரி 11,000 மி.மீ.க்கும் மேல்! அதன் அருகிலுள்ள மௌசின்ராம் கிராமத்தில் இதைவிடவும் சற்று அதிகம். 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரையிலான 12 மாதங்களில் சிரபுஞ்சியில் பெய்த 26,461 மி.மீ. மழை, இன்றும் உலக சாதனைதான்.

காரணம் நில அமைப்பு. வங்கக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, வங்கதேசத்தின் சமவெளியைத் தடையில்லாமல் தாண்டி வருகிறது. அது முதன்முதலாக முட்டுவது காஸி மலைகளின் தெற்குச் சுவரில். செங்குத்தாக மேலே ஏறும் காற்று குளிர்ந்து, சுமந்து வந்த ஈரத்தையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. சோராவும் மௌசின்ராமும் அந்தச் சுவரின் விளிம்பில் இருக்கின்றன. ஷில்லாங், சுவருக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் மிச்சம் மீதிதான் அதற்கு வந்து சேரும்.

நம்ம ஊர் உதாரணம் வேண்டுமா? மேற்குத் தொடர்ச்சி மலையில் வால்பாறை, சின்னக்கல்லாறு பக்கம் கொட்டித் தீர்க்கும்போது, மலைக்குக் கீழே உடுமலைப்பேட்டையில் வெயில் அடிக்குமே... அதே கணக்குதான்.

இதனால் பயணிகளுக்கு என்ன லாபம்? 'ஷில்லாங்கில் மழை இல்லை, அதனால் சோராவிலும் இருக்காது' என்று நினைத்துக் கிளம்பக் கூடாது. அதேபோல, சோராவில் வெளியே தலைகாட்ட முடியாத நாளில், ஷில்லாங்கில் குடை பிடித்தபடி ஊர் சுற்ற முடியும். தங்கும் இடத்தைத் தேர்வு செய்யும்போது இது ரொம்பவே உதவும்.

ஒரு நாள் மழை எவ்வளவு இருக்கும்?

2022 ஜூன் 17-ம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், மௌசின்ராமில் 1,003.6 மி.மீ. மழை பதிவானது. அதே நாளில் சிரபுஞ்சியில் 972 மி.மீ.

ஒரு மி.மீ. மழை என்றால், ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் விழுகிறது என்று அர்த்தம். 600 சதுர அடி மொட்டை மாடியில், அந்த ஒரு நாளில் சுமார் 56,000 லிட்டர் விழுந்திருக்கும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் கிட்டத்தட்ட ஐந்து லோடு!

எல்லா நாளும் இப்படி இருக்காது. ஆனால் ஜூன், ஜூலையில் சோராவில் ஒரே நாளில் 100 மி.மீ. பெய்வது அங்குள்ளவர்களுக்குச் சாதாரணம். ஒரு நல்ல செய்தி: சோராவின் மழையில் பெரும்பகுதி இரவிலும் அதிகாலையிலும்தான் பெய்யும். பகலில் இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியைப் பிடிக்கத் தெரிந்தால் பாதி டூர் வெற்றி.

எந்த மாதம் போனால் என்ன பார்க்கலாம்?

முதலில் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: அருவி முக்கியமா, ஆறு முக்கியமா? அதை முடிவு செய்த பிறகு மாதத்தைப் பாருங்கள்.

• ஜூன் முதல் செப்டம்பர் வரை: அருவிகளின் காலம். 340 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நோகாலிகாய், மழைக்காலத்தில் மட்டும் உயிர் பெறும் ஏழு சகோதரிகள் அருவி என எல்லாமே முழு வேகத்தில் இருக்கும். மலை முழுக்கப் பச்சை. ஆனால் மேகம் இறங்கிவிட்டால், அருவியின் சத்தம் மட்டும்தான் கேட்கும், அருவி தெரியாது. டாவ்கி ஆறு கலங்கி ஓடும். நிலச்சரிவு ஆபத்தும் இந்த மாதங்களில்தான் அதிகம்.

• அக்டோபர் முதல் நவம்பர் பாதி வரை: நடுவழி. மழை குறையத் தொடங்கும். அருவிகளில் தண்ணீர் இருக்கும், ஆறும் மெல்லத் தெளியும். இரண்டையும் ஓரளவு பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு இதுதான் சரியான நேரம். ஆனால் வங்கக் கடலில் புயல் உருவாகும் காலமும் இதுதான் என்பதால், வானிலை அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

• நவம்பர் பிற்பாதி முதல் பிப்ரவரி வரை: ஆற்றின் காலம். டாவ்கியில் ஓடும் உம்ன்கோட் ஆறு கண்ணாடி போல இருக்கும். வானம் தெளிவாக இருப்பதால், பாறை முனைகளில் நின்று பார்த்தால் தெற்கே வங்கதேசத்தின் சமவெளி வரை தெரியும். நவம்பரில் ஷில்லாங்கில் செர்ரி மரங்கள் பூக்கும், அதையொட்டி விழாவும் நடக்கும். ஆனால் அருவிகள் நூலாக இளைத்திருக்கும். சில முற்றிலும் வற்றிவிடும். ஸ்வெட்டர் கட்டாயம்.

• மார்ச் முதல் மே வரை: இதமான காலம். நம்ம ஊரில் பள்ளி விடுமுறை என்பதால் பலரும் தேர்வு செய்வது ஏப்ரல், மே. மார்ச்சில் ஆறு தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஏப்ரலிலேயே இடியுடன் கூடிய மழை தொடங்கிவிடும். மே மாதத்தில் பல நாட்கள் நனைய வேண்டியிருக்கும்.

ஏஜென்டிடம் பேக்கேஜ் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வருஷம் முழுவதும் ஒரே போஸ்டர், ஒரே இடங்களின் பட்டியல் என்றால், 'நாங்க வர்ற மாசத்துல டாவ்கியில படகு ஓடுமா?' என்று நேராகக் கேட்டுவிடுங்கள். பதில் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வரட்டும்.

எப்படிப் போவது?

ஷில்லாங்குக்கு ரயில் கிடையாது. அசாமின் கவுகாத்திதான் நுழைவாயில். சென்னையிலிருந்து கவுகாத்திக்கு நேரடி விமானத்தில் சுமார் 3 மணி நேரம். ரயிலில் போக நினைப்பவர்களுக்கு, கன்னியாகுமரியிலிருந்து கோவை வழியாக திப்ருகர் செல்லும் விவேக் எக்ஸ்பிரஸ் கவுகாத்தியில் நிற்கும். ஆனால் போக, வர ரயிலிலேயே பல நாட்கள் போய்விடும். லீவு குறைவாக இருப்பவர்களுக்கு ஒத்துவராது.

கவுகாத்தியிலிருந்து ஷில்லாங் சுமார் 100 கி.மீ. நல்ல நான்கு வழிச் சாலை. வழக்கமாக 3 மணி நேரம். தனி டாக்ஸி வைத்துக்கொள்ளலாம், அல்லது பல்தான் பஜார் பகுதியிலிருந்து கிளம்பும் ஷேர் சுமோவில் ஒரு சீட் எடுக்கலாம். ஷில்லாங்குக்கு சற்று முன்னால் உமியம் ஏரி வரும். அணை கட்டியதால் உருவான பெரிய நீர்த்தேக்கம் இது. வண்டியை நிறுத்தி ஒரு டீ குடிக்கலாம்.

ஷில்லாங் அருகே உம்ரோயில் சிறிய விமான நிலையம் இருக்கிறது. சிறிய ரக விமானங்கள் வந்து போகின்றன. ஆனால் மேகமூட்டம் அதிகமான மழை மாதங்களில் அதை மட்டும் நம்பி ப்ளான் போடுவது ரிஸ்க்.

மேகாலயா செல்ல இந்தியர்களுக்கு இன்னர் லைன் பர்மிட் தேவையில்லை. அருணாச்சலப் பிரதேசம், நாகாலாந்தையும் சேர்த்துப் போகிறீர்கள் என்றால் அவற்றுக்குத் தனியாக வாங்க வேண்டும்.

ஜூன் மாதப் பயணிகளுக்கு இன்னொரு தகவல்: கவுகாத்தி காமாக்யா கோயிலில் ஜூன் பிற்பாதியில் அம்புபாச்சி மேளா நடக்கும். லட்சக்கணக்கில் பக்தர்கள் கூடுவதால் கவுகாத்தியில் ரூம் கிடைப்பது சிரமம்.

எத்தனை நாள் தேவை?

குளிர்காலம் என்றால் நான்கு இரவுகள் போதும். மழைக்காலம் என்றால் ஐந்து, முடிந்தால் ஆறு. அந்தக் கூடுதல் நாளில் எந்த இடத்தையும் எழுதி வைக்காதீர்கள். அது மழைக்கான நாள். மழையால் எந்த இடம் விட்டுப்போகிறதோ, அது அந்த நாளுக்குப் போகும். எதுவும் விட்டுப்போகவில்லை என்றால், ஷில்லாங்கில் ஓய்வு.

மழைக்காலத்துக்கான ஒரு மாதிரித் திட்டம் இதோ:

• முதல் நாள்: கவுகாத்தி - உமியம் ஏரி - ஷில்லாங். வேறெதுவும் வேண்டாம்.

• இரண்டாம் நாள்: காலையிலேயே சோராவுக்குக் கிளம்பி, அன்று இரவு அங்கேயே தங்குவது நல்லது. ஷில்லாங்கிலிருந்து போய் அதே நாளில் திரும்பினால், மேகம் விலகும் அந்த அரை மணி நேரத்தைத் தவறவிடும் வாய்ப்பு அதிகம். அங்கேயே தங்கினால் மாலையில் ஒரு முறை, மறுநாள் காலையில் ஒரு முறை என நோகாலிகாய்க்கு இரண்டு வாய்ப்புகள் கிடைக்கும்.

• மூன்றாம் நாள்: சோராவில் விட்டுப்போன இடங்கள், மௌஸ்மாய் குகை. மாலைக்குள் ஷில்லாங்.

• நான்காம் நாள்: ஷில்லாங் நகரம், யானை அருவி.

• ஐந்தாம் நாள்: மழைக்கான நாள். வானம் திறந்தால் லைட்லும் பள்ளத்தாக்கு அல்லது மௌலின்னாங் கிராமம்.

• ஆறாம் நாள்: கவுகாத்தி திரும்புதல்.

திரும்பும் விமானத்தைக் காலையில் போடாதீர்கள். மழையில் மலைச்சாலையும் மெதுவாகும், கவுகாத்தி நகரச் சாலைகளிலும் தண்ணீர் தேங்கும். பிற்பகலுக்குப் பிறகு விமானம், அல்லது கடைசி இரவு கவுகாத்தியில் தங்கல்... இரண்டில் ஒன்று பாதுகாப்பு.

மாலை 4.30 மணிக்கே இருட்டு!

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். நாட்டின் கிழக்குக் கோடியில் இருந்தாலும் அங்கேயும் அதே இந்திய நேரம்தான். டிசம்பர் தொடக்கத்தில் சென்னையில் 5.40 வாக்கில் சூரியன் மறையும்போது, ஷில்லாங்கில் 4.30 மணிக்கே மறைந்துவிடும். ஜூனில் காலை நாலரை மணிக்கே விடிந்துவிடும்.

'ஒன்பது மணிக்கு டிபன் சாப்பிட்டுட்டு பத்து மணிக்குக் கிளம்பலாம்' என்றால், குளிர்காலத்தில் பாதி நாள் போய்விட்டது என்று அர்த்தம். காலை 7 மணிக்கு வண்டி ஏற வேண்டும். மாலை 4 மணிக்குள் மலைச்சாலைப் பயணத்தை முடித்துவிட வேண்டும். இருட்டும் மேகமும் சேர்ந்தால் பத்தடி தூரத்தில் வரும் வண்டிகூடத் தெரியாது.

விடாமல் பெய்தால் அறையிலேயே முடங்க வேண்டுமா?

வேண்டாம். ஷில்லாங்கின் மௌலாய் பகுதியில் உள்ள டான் போஸ்கோ அருங்காட்சியகம் ஏழு தளங்கள் கொண்டது. வடகிழக்கு மாநிலங்களின் மக்கள், உடை, கருவிகள், வீடுகள் பற்றி அங்கே நிறைய இருக்கிறது. நிதானமாகப் பார்த்தால் அரை நாள் போய்விடும்.

போலீஸ் பஜார்தான் நகரின் மையம். கடைகள், ஓட்டல்கள், மழைக்கு ஒதுங்கிச் சூடாகக் குடிக்க டீ என எல்லாம் நடக்கும் தூரத்தில் கிடைக்கும். 'பரா பஜார்' என்று சொல்லப்படும் இயூடு சந்தை, காஸி மக்களின் பெரிய பாரம்பரியச் சந்தை. பெண்களே அதிகம் வியாபாரம் செய்கிறார்கள். காஸி சமூகம் தாய்வழிச் சமூகம். பிள்ளைகளுக்குத் தாயின் குலப்பெயர்தான் வரும், பரம்பரைச் சொத்து கடைசி மகளுக்குப் போகும்.

மழை பெய்யும்போது வயல் வேலை செய்பவர்களைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். மூங்கிலும் இலையும் வைத்துப் பின்னிய ஆமை ஓடு போன்ற ஒன்றைத் தலையிலிருந்து முதுகு வரை கவிழ்த்திருப்பார்கள். அதன் பெயர் 'க்னுப்'. இரண்டு கைகளும் வேலை செய்ய வேண்டும், குனிந்தாலும் முதுகு நனையக் கூடாது. குடையால் முடியாததை அது செய்கிறது.

எப்போது பயணத்தை நிறுத்த வேண்டும்?

மழையில் நனைவது வேறு, ஆபத்தில் மாட்டுவது வேறு. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் 'மௌசம்' செயலியில், கிழக்கு காஸி மலை மாவட்டத்துக்கான எச்சரிக்கையை முந்தின நாள் இரவும், கிளம்பும் முன் காலையிலும் பாருங்கள்.

• மஞ்சள்: கவனம் தேவை. டிரைவரிடம் பாதை நிலவரம் கேட்டுக்கொண்டு போகலாம்.

• ஆரஞ்சு: தயார் நிலை. நீண்ட பயணத்தையும் மலை நடைப்பயணத்தையும் தள்ளிப் போடுங்கள்.

• சிவப்பு: தங்கியிருக்கும் இடத்தை விட்டு நகர வேண்டாம்.

24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல் பெய்தால் கனமழை, 115.6 மி.மீ.யிலிருந்து மிக கனமழை, 204.4 மி.மீ.யைத் தாண்டினால் அதி கனமழை என்பது வானிலை மையத்தின் கணக்கு.

எச்சரிக்கை எதுவும் இல்லாத நாளிலும் மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒன்று, மழைக்காலத்தில் ஆற்றிலோ அருவியின் அடியிலோ இறங்கக் கூடாது. நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மேலே மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் வெள்ளமாக வந்துவிடும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, குச்சியும் இலையும் அடித்துக்கொண்டு வந்தாலோ உடனே மேலே ஏறிவிட வேண்டும். இரண்டு, வழுக்குப் பாறையில் செல்ஃபி வேண்டாம். மூன்று, டிரைவர் 'இன்னைக்கு அந்த ரோடு வேணாம்' என்று சொன்னால் வாக்குவாதம் செய்யாதீர்கள். அந்த மலையோடு தினமும் வாழ்கிறவர் அவர். 'காசு கொடுத்திருக்கோம்ல' என்ற வார்த்தை நிலச்சரிவுக்குத் தெரியாது.

வண்டி பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள்: சாலை அடைபட்டால் அந்த நாளுக்கான வாடகை என்ன, காத்திருப்புக் கட்டணம் உண்டா? அறை பதிவு செய்யும்போதும், தேதி மாற்ற முடியுமா, பணம் திரும்பக் கிடைக்குமா என்று பாருங்கள். மழைக்காலத்தில் நூறு, இருநூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் அப்படிப்பட்ட அறைதான் லாபம்.

வேர்ப் பாலம்: போகலாமா, வேண்டாமா?

ஆற்றின் குறுக்கே உயிருள்ள மரத்தின் வேர்களை வளைத்து, பல ஆண்டுகள் பொறுமையாக வளர்த்து, காஸி மற்றும் ஜெயந்தியா மக்கள் உருவாக்கியவை வேர்ப் பாலங்கள். ரப்பர் மரம் என்று சொல்லப்படும் ஆல் இன மரத்தின் வேர்கள் இவை. மரப்பலகைப் பாலம் இந்த மழையில் சில வருடங்களில் மக்கிவிடும். வேர்ப் பாலமோ வருடம் ஏற ஏற உறுதியாகும். 2022-ல் இந்தப் பாலங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னத்துக்கான தற்காலிகப் பட்டியலில் இடம்பிடித்தன.

இவற்றில் மிகவும் பிரபலமானது நோங்ரியாட் கிராமத்தின் இரட்டை அடுக்குப் பாலம். டிர்னா கிராமத்திலிருந்து 3,000-க்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவது சுலபம், திரும்ப அத்தனை படியும் ஏற வேண்டும் என்பதுதான் விஷயம். மழைக்காலத்தில் படிகளில் பாசி பிடித்து வழுக்கும், அட்டைப் பூச்சியும் இருக்கும். மூட்டு வலி, இதய நோய் உள்ளவர்களும் சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களும் தவிர்ப்பது நல்லது. அவர்களுக்காகவே மாற்று இருக்கிறது. மௌலின்னாங் அருகே ரிவாய் கிராமத்தில் உள்ள வேர்ப் பாலத்தைக் கொஞ்ச தூரம் நடந்தாலே பார்த்துவிடலாம்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

• மேல் சட்டை, கால்சட்டை என இரண்டு பகுதியாக உள்ள ரெயின்கோட். சோராவில் காற்றும் மழையும் சேர்ந்தால் குடை நிற்காது. குடை ஷில்லாங் நகருக்கு மட்டும்.

• சீக்கிரம் காயும் துணிகள். ஜீன்ஸ் வேண்டாம். ஒரு முறை நனைந்தால் அந்தக் குளிரில் நாட்கணக்கில் காயாது.

• பிடிமானம் உள்ள செருப்போ ஷூவோ, கூடவே மாற்று ஜோடி ஒன்று. காலுறை தாராளமாக.

• செல்போன், பவர் பேங்க், மருந்து, ஆதார் ஆகியவற்றுக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைகள்.

• அட்டைப் பூச்சிக்கு ஒரு சின்ன டப்பாவில் உப்பு.

• ரொக்கப் பணம். கிராமங்களில் நெட்வொர்க் இல்லாவிட்டால் யுபிஐ வேலை செய்யாது. மேப்பையும் முன்கூட்டியே டவுன்லோட் செய்து வையுங்கள்.

• ஜூலையாக இருந்தாலும் ஒரு ஸ்வெட்டர். நனைந்த உடம்புக்கு 18 டிகிரியே குளிர்தான்.

சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை, கிராம விதிகள்

உள்ளூர் உணவில் இறைச்சிதான் பிரதானம். 'ஜாடோ' என்பது இறைச்சியோடு சேர்த்துச் சமைக்கும் அரிசிச் சாதம். பெரும்பாலும் பன்றி இறைச்சி. சில கடைகளில் ரத்தமும் சேர்ப்பார்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்கு போலீஸ் பஜார் பகுதியில் ஓட்டல்கள் உண்டு. சோரா, டாவ்கி பக்கம் போகும் நாளில் கையில் ஏதாவது கொண்டு போவது நல்லது.

மாநிலத்தில் கிறிஸ்தவர்களே பெரும்பான்மை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஷாப்பிங்கை அந்த நாளில் வைக்காதீர்கள்.

பல சுற்றுலா இடங்களைப் பராமரிப்பது 'டோர்பார் ஷ்னோங்' எனப்படும் கிராம சபைகள். நுழைவுக் கட்டணம், பார்க்கிங் கட்டணம் அவர்களுக்குப் போகும். மௌஃப்லாங் புனிதக் காட்டுக்குப் போனால், அங்கிருந்து ஒரு இலையைக்கூட எடுத்து வரக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. நம்ம ஊர் கோயில்காடுகளைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. நன்றி சொல்ல ஒரே வார்த்தை: 'குப்லே'.

மழை கொட்டும் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம்

கேட்க விசித்திரமாக இருக்கும். உலகிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான சோராவில், குளிர்காலத்தில் குடிநீருக்குத் தட்டுப்பாடு. செங்குத்தான சரிவு, மண் அரித்துப்போன பாறை நிலம், குறைந்துபோன காடு. கொட்டும் மழை நிற்காமல் கீழே வங்கதேசத்தின் சமவெளிக்கு ஓடிவிடுகிறது. 'ஈரமான பாலைவனம்' என்று இந்த ஊரை அழைப்பது இதனால்தான். குடத்தோடு ஊற்றுக்கு நடக்கும் பெண்களை ஜனவரியில் அங்கே பார்க்க முடியும்.

கண்ணாடி ஆற்றைப் பார்க்கப் போகும் மாதமும், அந்த மக்கள் தண்ணீருக்குத் தவிக்கும் மாதமும் ஒன்றுதான். ஹோம்ஸ்டேயில் வெந்நீர்க் குழாயைத் திறக்கும்போது இது நினைவில் இருந்தால் போதும்.

டிக்கெட் போடும் முன் 5 கேள்விகள்

• அருவியா, ஆறா? முடிவு செய்தாச்சா?
• நாம் போகும் மாதத்தில் அது இருக்குமா?
• எந்த இடமும் எழுதாத ஒரு நாள் திட்டத்தில் இருக்கிறதா?
• திரும்பும் விமானம் பிற்பகலுக்குப் பிறகுதானா?
• அறையும் வண்டியும் தேதி மாற்ற ஒத்துக்கொள்கின்றனவா?

ஐந்துக்கும் 'ஆமாம்' என்றால் தைரியமாக டிக்கெட் போடலாம். நோகாலிகாய் போய்ச் சேரும்போது முழுக்க மேகமாக இருந்தால், உடனே வண்டியைத் திருப்பச் சொல்லிவிடாதீர்கள். ஒரு டீ சொல்லிவிட்டு அரை மணி நேரம் உட்காருங்கள். அங்கே மேகம் விலக பல நேரம் அவ்வளவுதான் ஆகும்.